எந்தத் தெருப் பாட்டு

என் வீட்டுக்காரர் பகலவன் மைக்செட் வைத்திருக்கிறார். மன்னார்குடியைச் சுற்றி எந்த ஊரில் காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா என்றாலும் குழாயையும் பாக்ஸையும் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாய் திறக்காத மனுஷன். ஊருக்கெல்லாம் சத்தம் போட்டுவிட்டு வருகிறவரிடம் குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால் தலையைத்தான் ஆட்டுவார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவதால் குடும்பம் ஓடுகிறது.

எங்கள் ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. நாங்கள் கீழத்தெரு. எங்கள் அப்பன்மார் மேலத்தெரு வயல்களில் நாற்றுப் பறித்தவர்கள். இன்றைக்கு எங்கள் தெருவிலும் நிலம் இருக்கிறது, மோட்டார் கொட்டகை இருக்கிறது, வாத்தியாரும் நர்ஸும் இருக்கிறார்கள். அது மேலத்தெருவில் சிலருக்குப் பொறுக்கவில்லை. வாயால் சொன்னால் கேஸாகிவிடும் என்பதால் பாட்டாகப் போடச் சொல்வார்கள். மீசை, அரிவாள், வம்சம், சிங்கம் என்று காது கிழியும். எங்கள் தெருப் பையன்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, அவர்களும் ஆளுக்கொரு பென்டிரைவோடு வருவார்கள். ஒரு தெருப் பாட்டு இன்னொரு தெருவில் கேட்டால் அன்றைக்கு மண்டை உடையும். பக்கத்து ஊரில் போன வருஷம் இப்படித் தகராறு வந்தபோது பாட்டுப் போட்டவனைத்தான் முதலில் அடித்தார்கள். அவன் பெட்டிகளை வாய்க்காலில் தள்ளினார்கள். கேஸும் அவன் பேரில்தான்.

இவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பழைய கம்ப்யூட்டரில் மூன்று ஃபோல்டர். மேல, கீழ, பொது. பொதுவில் கல்யாணப் பாட்டுகள் மட்டும்தான். யார் பாட்டு கொண்டுவந்து கொடுத்தாலும் அவர்கள் தெரு ஃபோல்டரில் போட்டுவிடுவார். பாட்டுக்குப் பேரெல்லாம் கிடையாது. எல்லாம் சிடியிலிருந்து எடுத்தவை, ட்ராக் ஒன்று, ட்ராக் இரண்டு என்றே கிடக்கும்.

"பேரு எதுக்கு? எங்க போடக்கூடாதுன்னு தெரிஞ்சா போதாதா" என்பார்.

அந்தக் கம்ப்யூட்டர் நடுப் பாட்டில் அணைந்துபோக ஆரம்பித்தது. மன்னார்குடியில் ஷஹ்பாஸ் என்ற பையன் வைத்திருக்கும் கடையில் அதைக் கொடுத்துவிட்டு ஒரு லேப்டாப் வாங்கி வந்தார். பாட்டுகளை எல்லாம் ஷஹ்பாஸே பத்திரமாக ஏற்றிக் கொடுத்திருந்தான். வீட்டுக்கு வந்து பாட்டுப் போடும் புரோகிராமைத் திறந்தார். பாட்டுகளை ஒழுங்குபடுத்தட்டுமா என்று அது கேட்டது. நல்லதுதானே என்று சரி போட்டார். அது ஒழுங்குபடுத்தியது பாருங்கள், மூன்று ஃபோல்டரையும் கலைத்து, எல்லாப் பாட்டையும் 'பாடகர் தெரியாது' என்று ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ட்ராக் ஒன்று. மேலத்தெரு எது, கீழத்தெரு எது, ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஷஹ்பாஸ் என்னென்னவோ செய்து பார்த்தான்.

"ஃபோல்டரு போனது போனதுதாண்ணே. பாட்டெல்லாம் இருக்கு. எது எங்க இருந்துச்சுங்கறது இல்ல."

"பழைய கம்ப்யூட்டர்ல இருக்குமே தம்பி" என்றார்.

"அத அப்பவே துடைச்சு வித்துட்டனேண்ணே. நீங்க வேணாம்னுதானே குடுத்தீங்க?"

பஸ்ஸில் வரும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் ஆடிப் பால்குடம் வந்துகொண்டிருந்தது. எப்போதும் இரண்டு தெருவும் தனித்தனியாக, வேறு வேறு நாளில் எடுப்பார்கள். இந்த வருஷம் தாலுக்கா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டு, ஒரே ஊர்வலம், இரண்டு தெரு வழியாகவும் போகும், ஒரே மைக்செட் என்று முடிவு செய்திருந்தார்கள். பாட்டால் பிரச்சினை வந்தால் மைக்செட்காரரே பொறுப்பு என்று இவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். என்னைக் கேட்டிருந்தால் அந்தப் பேனாவையே பிடுங்கிப் போட்டிருப்பேன்.

அன்றிலிருந்து உள் அறையில் அடைந்துகொண்டார். வெளியே சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டாகக் கேட்டார். ஆடி மாதப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். சோற்றைக் கொண்டுபோய் வைத்தால் தட்டைப் பார்க்காமலே சாப்பிடுவார். நாள் முழுக்க மீசையும் அரிவாளும் காதுக்குள் கத்தினால் மனுஷன் என்ன ஆவான்? குளிக்கப் போனவர், வாளியில் தண்ணீர் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நான்தான் ஓடிப்போய்க் குழாயை மூடினேன்.

"என்னாங்க, உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க. வேற ஆளப் பாத்துக்கட்டும்."

"வரலன்னா கீழத்தெருக்காரன்கிறதால வரலம்பான் மேலத்தெருக்காரன். மேலத்தெருவுக்குப் பயந்துட்டான்னு சொல்லுவான் நம்மாளு. எங்கிட்டுப் போவ?"

"அப்ப அம்மன் பாட்ட மட்டும் போடுங்க. அம்மனுக்கும் தெருவு உண்டா என்ன?"

அவர் அடுத்த பாட்டை அமுக்கினார். எனக்குக் கோபம் வந்தது. நகருங்கள் என்று லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள்தான், ஆனால் மகள் காலேஜ் படிக்கும்போது அவளோடு உட்கார்ந்து கொஞ்சம் தட்டிப் பழகியிருக்கிறேன். பாட்டின் நீளம் போட்டிருந்த இடத்தை அமுக்கினேன். வரிசை மாறியது. ஒரே நீளமுள்ள பாட்டெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. சிலதைத் தவிர எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தது. ஹெட்போனை என் காதில் மாட்டி ஒரு ஜோடியைப் போட்டுக் கேட்டேன். இரண்டும் ஒரே பாட்டு. இன்னொரு ஜோடியும் அப்படித்தான். மீசைப் பாட்டு இரண்டு, சிங்கப் பாட்டு இரண்டு, அம்மன் பாட்டிலும் ஒவ்வொன்றும் இரண்டு. ஒற்றையாகக் கிடந்தவை பொதுவில் இருந்த கல்யாணப் பாட்டுகள்தான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷமாக இரண்டு தெருவும் ஒரே பாட்டைத்தான் கொண்டுவந்து கொடுத்து, எங்கள் பாட்டு எங்கள் பாட்டு என்று மார் தட்டியிருக்கின்றன. இவரும் வாங்கி வாங்கி இரண்டு பக்கமும் போட்டுவைத்திருக்கிறார்.

"இனிமே என்ன கவல? எல்லாமே பொதுதான். கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க" என்றேன்.

அவர் என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஈசு, கேட்டுக் கேட்டு எனக்கும் அது தெரிஞ்சுபோச்சு. இதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு ஒரு பாட்டும் கேட்டதில்ல. அதனாலதான் இது யாருக்கும் தெரியல. அன்னிக்கு எதப் போட்டாலும், நம்ம பாட்டுக்கு அவன் எப்படி ஆடலாம்னு ரெண்டு பக்கமும் கேப்பான். தனியா ஒரு பக்கத்துக்குன்னு இருந்திருந்தாலாவது அத ஒதுக்கியிருப்பேன். இப்ப ஒதுக்க என்ன இருக்கு?"

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

பால்குடத்தன்று காலையில் அம்மன் பாட்டு மட்டும்தான் போட்டார். அதுவும் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். வண்டி முன்னால் போனது, மஞ்சள் சேலை கட்டின பொம்பளைகள் குடத்தோடு பின்னால் போனோம். நானும் குடம் எடுத்திருந்தேன். மேலத்தெருவை ஒழுங்காகத் தாண்டிவிட்டோம். இரண்டு தெருவும் சேரும் வாய்க்கால் மதகடிக்கு வந்தபோது எங்கள் தெருப் பையன்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அப்போது ஓடிய அம்மன் பாட்டுக்கு மேலத்தெருப் பையன்கள் விசில் அடித்தார்கள். அதே நேரம் எங்கள் பக்கத்திலும் விசில். ஒருத்தனை ஒருத்தன் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க சாமி பாட்டுக்கு நீ என்னடா நக்கலா விசிலடிக்கிற?"

யார் முதலில் கேட்டது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் அதே வார்த்தையைத்தான் கேட்டது. என் தம்பி இளவழகன் வண்டி மேல் ஏறி இவர் சட்டையைப் பிடித்தான்.

"மாமா, இது நம்ம பாட்டுதானே? இவனுங்களுக்கு ஏன் போட்டீங்க?"

"கீழ எறங்குடா" என்று நான் கத்தினேன். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஏறி இவருடைய இன்னொரு கையைப் பிடித்துவிட்டார்கள். யாரோ இடித்ததில் என் குடம் கவிழ்ந்து பால் ரோட்டில் ஓடியது. போலீஸ் கம்பை எடுத்தது.

சாயங்காலம் ஸ்டேஷனில் இரண்டு தெருப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். மேலத்தெருவிலிருந்து தியாகராசன், எங்கள் பக்கத்திலிருந்து என் பெரியப்பா ரெத்தினம். என் ஆயுசில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்தார்கள். டீ வந்தது, ஒரே மாதிரி கிளாஸில் குடித்தார்கள். பையன்கள் மேல் கேஸ் விழுந்தால் வேலைக்குப் போகும்போது இடிக்கும் என்று இரண்டு பேருக்கும் கவலை. குசுகுசு என்று பேசினார்கள். பேசி முடித்து ஒற்றுமையாக எழுதிக் கொடுத்தார்கள்: ஊரில் எந்தப் பகையும் இல்லை, மைக்செட்காரர் கவனக்குறைவாகப் பாட்டுப் போட்டதுதான் காரணம்.

"பெரியப்பா, நீங்களுமா?" என்று கேட்டேன்.

"சின்னப் பசங்க வாழ்க்கைம்மா. மாப்பிள தாங்கிக்குவாரு" என்றார்.

எனக்கு வாயில் வந்ததை எல்லாம் அங்கேயே கொட்டினேன். பொம்பளை போலீஸ் என்னை வெளியே கொண்டுவந்து நிறுத்தியது. உள்ளே இவர், தன் மேல்தான் தப்பு என்று கையெழுத்துப் போட்டார். கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வாசலில் தியாகராசன் வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

"பகலவா, மனசுல வச்சுக்காத. ஊருக்காகத்தான். ஆவணியில பேரனுக்குக் காதுகுத்து, நீதான் வந்து செட்டு போடணும். வெளியாளக் கூப்ட்டா நம்ம பாட்டு எது, அவனுங்க பாட்டு எதுன்னு எவனுக்குத் தெரியும்? அந்த ரெண்டையும் தனியாப் பிரிச்சு வச்சுடு."

இந்த ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரிங்க" என்றார்.