மிஸ் லூவா மீது ஒரு வழக்கு

மிஸ் லூவா இருமினார். அப்போது பேசிக்கொண்டிருந்தவர் ஓர் இளம் வழக்கறிஞர். தன் கட்சிக்காரர் மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும் என்று நீதிபதியிடம் உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து வறண்ட சின்ன இருமல் ஒன்று. இளைஞருக்கு நாக்கு குழறியது. "படுக்கைன்னா... கிளினிக்குக்குப் போயிட்டு வந்தாரு. இப்ப பரவால்ல" என்றார். நீதிபதி குனிந்து எதையோ எழுதுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

அந்த வழக்குக்கும் மிஸ் லூவாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரும் வழக்கறிஞர்தான், தன் முறைக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான். மலேசியாவின் மூவார் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்கள் எல்லாருக்கும் அந்த இருமல் தெரியும். சட்டத்தை யாராவது வளைத்துப் பேசினால் அது வராது. எவ்வளவு ஆவேசமாகக் கத்தினாலும் வராது. நடந்ததை மாற்றிச் சொன்னால் மட்டும் வரும். வெளியே போய்ச் சண்டை போட்டவர்களுக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சட்டத்த எப்படி வேணா இழு, அது ரப்பரு. நடந்தத இழுக்காத."

லூவா சூ ஹியாங்குக்கு அறுபது வயதாகப் போகிறது. குச்சிபோல் இருப்பார். சின்ன மோட்டார் சைக்கிளில் வருவார். கறுப்பு அங்கி ஐந்து கிலோ அரிசிப் பைக்குள் மடங்கி முன்கூடையில் கிடக்கும். மீன்வலை விற்கும் கடைக்கு மேலே அலுவலகம். அங்கே மெத்தை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று, அதுவும் கட்சிக்காரருக்கு. அவர் உட்காருவது கிறீச்சிடும் மரநாற்காலியில். எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினாலும் முதலில் முழுவதையும் மலாயிலோ ஹொக்கியன் சீனத்திலோ வாய்விட்டுச் சொல்வார். பிறகு பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொள்வார். "ரெண்டு கேள்வி கேளுங்க. கேள்வியே வரலன்னா நான் ஒழுங்கா சொல்லலன்னு அர்த்தம்."

அதே நீதிமன்றத்தில் வாதாடும் ஹில்மானுக்கு அவரைப் பிடிக்காது. அதற்கு நியாயமான காரணமும் உண்டு.

வழக்கறிஞர் மீது புகார் வந்தால் விசாரிப்பதும் வழக்கறிஞர்களே. அமைச்சரும் வரமாட்டார், போலீசும் வராது. சக தொழில்காரர்கள் குழுவாக உட்கார்ந்து விசாரிப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஹில்மான் ஒரு கட்சிக்காரரின் கடிதங்களுக்குப் பதிலே போடாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டார். அந்தப் புகாரை விசாரித்த குழுவில் மிஸ் லூவா இருந்தார். தெரிந்த முகம், கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்று ஹில்மான் நம்பினார். அவரோ, "நம்மள நாமளே பாத்துக்கிறோம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத்தானே இந்தக் கோட்டப் போட்டிருக்கோம். அப்ப பாக்கணும்ல?" என்று கேட்டு, எழுத்தில் கண்டனம் எழுதவைத்தார்.

மறுநாள் காலை, குச்சியில் சுட்ட இறைச்சி விற்கும் சாத்தே கடையில் ஹில்மானின் மேசைக்கே வந்து உட்கார்ந்தார் அந்த அம்மாள்.

"நேத்து வேற, இன்னைக்கு வேற. அந்தக் கடலைக் குழம்ப இந்தப் பக்கம் தள்ளு."

ஹில்மான் தட்டோடு எழுந்து வேறு மேசைக்குப் போனார். அதன்பிறகு இருவருக்கும் இடையில் வணக்கத்துக்கு மேல் பேச்சில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஹில்மானின் அலுவலகப் படியேறி வந்து, கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் மடியில் இருந்தது.

"மாச்சிக் ரொகாயாவுக்கு ஒரு லாயர் வேணும். என் மேல கேஸ் போட."

"என்ன மிஸ் லூவா, காலங்காத்தாலயே வெளாட்டு?"

விளையாட்டில்லை. மலாயில் அத்தை என்பதுபோல் எல்லாரும் மாச்சிக் என்று கூப்பிடும் ரொகாயா, சாலையோரத்தில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றவர். பின்னால் வந்த லாரி ஒன்று கடையோடு சேர்த்து அவருடைய வலக்காலையும் நசுக்கிவிட்டது. இப்போது அடுப்படியில் நிற்க முடியாது. அவருக்காக வழக்குப் போட்டவர் மிஸ் லூவா. லாரிக் கதவில் ஒரு தனியார் கம்பெனியின் பெயர் இருந்தது. புகைப்படத்தில் தெளிவாகத் தெரிந்தது. தனியார் லாரி என்றால் வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. காயம் முழுதாகத் தெரியட்டும் என்று பொறுத்திருந்து நாலாவது ஆண்டில் வழக்கைப் பதிந்தார். எதிர்த்தரப்பின் பதில் வந்த அன்றுதான் உண்மை தெரிந்தது. அந்தப் பழைய லாரியை ஓர் அரசு இலாகா எப்போதோ வாங்கி, கதவிலிருந்த பெயரைக்கூட அழிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தது. அரசு வண்டிக்கு அவகாசம் மூன்றே ஆண்டு. வழக்கு செத்துப்போயிற்று.

அன்று மாலையே மிஸ் லூவா மாச்சிக் வீட்டுக்குப் போய், "உங்க கேஸ் போச்சு, என்னாலதான் போச்சு, இனிமே நான் உங்க லாயரா இருக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். விசாரணைக் குழுவிலிருந்து விலகி, அதே குழுவுக்குத் தன்மேல் தானே புகாரும் எழுதிப்போட்டார். வழக்கறிஞர்களின் உணவறையில் அன்றெல்லாம் இதே பேச்சு. "மாட்டிக்கறதுக்குன்னே ஒரு ஆளு வீடு தேடிப் போகுமாய்யா?" என்று ஒருவர் சிரித்தார். கூடச் சிரித்தவர்கள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

"மூணு பேர்கிட்ட அனுப்பிப் பாத்துட்டேன்" என்றார் மிஸ் லூவா. "மூணு பேரும் அவங்கள உக்கார வச்சு டீ குடுத்து, மிஸ் லூவா ரொம்ப நல்லவங்க, விட்டுருங்கன்னு சொல்லி அனுப்பிட்டானுங்க. நான் நல்லவளா இருந்தா அவங்க கால் சரியாயிருமா?"

"ஜொகூர் பாரு லாயர் யாரையாச்சும் பாக்கலாமே."

"அந்தக் காலோட அவ்வளவு தூரம் எத்தன தடவ பஸ்ஸேறுவாங்க? இந்த ஊர்ல என் மேல கோவமா இருக்கிற லாயர் நீ ஒருத்தன்தான்."

"கோவம்லாம் ஒண்ணும் இல்ல."

"இருக்கு. இருக்கட்டும், அது இப்ப உபயோகப்படும்."

ஹில்மானுக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்தது. "சரி, என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். மாச்சிக்கிட்டயும் குழுவுலயும் அன்னைக்குச் சொன்னதோட சரி, அதுக்கப்புறம் காப்புறுதிக்காரன் வாயக் கட்டிட்டான்." வழக்கறிஞர் தவறு செய்தால் கட்சிக்காரர் நஷ்டப்படாதிருக்க எல்லா வழக்கறிஞர்களும் எடுத்துவைக்க வேண்டிய காப்புறுதி அது. "இனி நானா வெளிய ஒத்துக்கிட்டா அவன் கைய விரிச்சிருவான். மாச்சிக்குக்கு ஒத்தக் காசு வராது. கூண்டுல சத்தியம் பண்ணிட்டு நிக்கிறப்ப கேளு, அப்ப யாரும் என் வாயக் கட்ட முடியாது. உன் வேலைய நீ ஒழுங்கா பாரு." தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மாச்சிக் ரொகாயாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "நோன்புப் பெருநாளுக்கு வருசா வருசம் ஆரஞ்சு கொண்டாந்து குடுப்பாங்க தம்பி. அவங்க மேலயா கேஸு?" என்று அழுதார். ஆனால் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். லாரி ஓட்டுநர் பச்சைச் சட்டை போட்டிருந்தான், அந்த இலாகா ஆட்கள் போடுகிற பச்சை.

ஹில்மான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத மிஸ் லூவாகிட்ட அப்பவே சொன்னீங்களா?"

"சொன்ன மாதிரிதான் இருக்கு. போலீஸ்ல சொன்னேனா, நர்ஸ்கிட்ட சொன்னேனா, அவங்ககிட்ட சொன்னேனா... வலில ஒண்ணும் நெனவில்ல தம்பி."

வழக்கே அதில்தான் நின்றது. மிஸ் லூவா தரப்பில் வாதாடக் காப்புறுதிக்காரர்கள் கோலாலம்பூரிலிருந்து அனுப்பிய வழக்கறிஞர் பளபளவென்று இருந்தார், வாதத்தையும் பளபளவென்று வைத்திருந்தார். கதவில் கம்பெனியின் பெயர் இருந்தது, வேறு எதையும் கட்சிக்காரர் சொல்லவில்லை, எந்த வழக்கறிஞரும் அப்படித்தான் நம்பியிருப்பார், ஆகவே இது தவறே அல்ல. மிஸ் லூவாவின் வாக்குமூலத்தில் பச்சைச் சட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சொன்னார் என்றும் இல்லை, சொல்லவில்லை என்றும் இல்லை.

விசாரணை நாளன்று அவர் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, வேலையில்லாத வழக்கறிஞர்கள்கூட வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஹில்மான் எழுந்தார்.

"லாரி யார் பேர்ல பதிவாயிருக்குன்னு விசாரிச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கதவுல பேர் இருந்துச்சு. நம்பிட்டேன்."

அடுத்த கேள்வி ஹில்மானின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பது இந்தத் தொழிலில் நுழைந்த வாரத்தில் படிந்த பயம். மிஸ் லூவா பொய் சொல்லமாட்டார், அது தெரியும். ஆனால் உண்மை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதே. மாச்சிக் போலீசிடம் மட்டும் சொல்லியிருந்தால்? "அவங்க என்கிட்ட சொல்லல" என்று அந்த வாயிலிருந்து ஒருமுறை வந்துவிட்டால் அதற்குமேல் வழக்கில் ஒன்றும் இல்லை. கேட்காமல் விட்டால் பாதி வாய்ப்பாவது மிஞ்சும். பின்னால் மாச்சிக் ரொகாயா ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வேற கேள்வி இல்ல" என்று ஹில்மான் உட்கார்ந்துவிட்டார்.

காப்புறுதி வழக்கறிஞரும் தனக்கு மறுவிசாரணை இல்லை என்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நீதிபதி, "நன்றி. நீங்க இறங்கலாம்" என்றார்.

மிஸ் லூவா இறங்கவில்லை.

காதில் விழவில்லையோ என்று நீதிபதி மறுபடியும் சொன்னார். அவர் தலையாட்டினார், ஆனால் அசையவில்லை. ஹில்மானைப் பார்க்கவில்லை, தன் வழக்கறிஞரையும் பார்க்கவில்லை. கூண்டின் மரக்கட்டைமேல் இரண்டு கைகளும் சும்மா கிடந்தன. தன் பெயர் கூப்பிடப்படாத வரிசையில் நிற்கிறவரைப்போல் நின்றார். கூண்டை விட்டு இறங்கினால் போதும் என்று ஓடியவர்களைத்தான் ஹில்மான் இதுவரை பார்த்திருக்கிறார். இன்னும் கேள் என்று நின்ற ஒருவரைப் பார்த்ததில்லை. எழுந்தபோது முழங்கால் மேசையில் இடித்தது. அதைக்கூடப் பிறகுதான் உணர்ந்தார்.

"மன்னிக்கணும். இன்னும் ஒரே ஒரு கேள்வி."

கோலாலம்பூர் வழக்கறிஞர் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி மிஸ் லூவாவைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு, "கேளுங்க" என்றார்.

"டிரைவர் என்ன சட்ட போட்டிருந்தான்னு மாச்சிக் ரொகாயா உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொன்னாங்க. மொத நாளே சொன்னாங்க. பச்சைச் சட்டைன்னு. நான்தான் காதுல வாங்கல."

சன்னமான குரல். பின்வரிசைகளில் பலருக்குக் கேட்கவில்லை. பதிவுக் கருவியின் முன்னால் இருந்த எழுத்தர் தலையைத் தூக்கி, சரியாக விழவில்லை என்பதுபோல் பார்த்தார். மிஸ் லூவா கையை நீட்டி ஒலிவாங்கியின் கழுத்தைப் பிடித்து, உதட்டில் இடிக்கும் அளவுக்கு இழுத்து வைத்துக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து மறுபடி சொன்னார்.