வீட்டில் தமிழ் கிடையாது

எங்கள் பெண்ணுக்கு இரண்டரை வயதானபோது நர்சரி அட்மிஷன் ஜுரம் என் கணவரைப் பிடித்தது. டெல்லியில் பிள்ளை பெற்றவர்கள் யாரும் இதற்குத் தப்ப முடியாது. இவருக்குக் கொஞ்சம் முற்றிப்போய் வந்தது. கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் ப்ளே ஸ்கூல் நடத்திய ஒரு மேடம், வீட்டில் ஒரு மொழி வெளியே ஒரு மொழி என்றால் குழந்தை குழம்பிவிடும் என்று சொல்லி வைத்தாள். இவருக்கு அது வேதவாக்கு.

"இனிமே வீட்டுல தமிழ் கெடையாது. இங்கிலீஷ்தான்," என்றார்.

"நம்ம இங்கிலீஷ் ஆபீஸ்ல ஃபைல் தள்ளுறதுக்குத்தானங்க ஆகும்?"

"அது போதும். கொஞ்ச நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

அதுவரை குழந்தைக்கு ஓயாத வாய். பால்கனியில் துணி காயப்போடும்போது, "இது யாரு சட்ட?" என்பேன். "அப்பா சட்ட." "ஏன் ஈரமா இருக்கு?" "அழுதுச்சு," என்பாள். சட்டை ஏன் அழுதது என்று கேட்டால் அதற்கும் வாய் நிறையக் கதை இருக்கும். பாதி வார்த்தைகள் அவளே உண்டாக்கியவை. எனக்கு எல்லாம் புரியும்.

சட்டை ஏன் அழுதது என்று இங்கிலீஷிலும் கேட்டுவிடலாம். அதற்குமேல் எனக்கு ஓடாது. கொஞ்ச வராது, கேலி வராது, பொய்க்கோபம் வராது. கம், சிட், ஈட், டோன்ட் டச். எங்கள் காலனியில் வளர்ப்பு நாய்களிடமும் இதே நாலு வார்த்தைதான் பேசுகிறார்கள். வாய் தவறித் தமிழ் வந்தால், என்னையும் அவளையும் சேர்த்து இவர் அதட்டுவார். மிச்சப் பேச்சுக்கு ஒரு டேப்லெட் வாங்கி வைத்தார். அது அருமையான உச்சரிப்பில் பாடியது. இவள் திருப்பிச் சொன்னதைக் கேட்க அதற்குக் காது இல்லை.

குளிர்காலம் முடிவதற்குள் குழந்தையின் வாய் அடைத்துவிட்டது. வேண்டியதை விரலால் காட்டினாள். "இங்கிலீஷ் உள்ள ஏறிக்கிட்டு இருக்கு, பொறு," என்றார் இவர். சண்டை போட்டுத்தான் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் அந்த அம்மா. வீட்டில் இவளிடம் யார் பேசுகிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். இவர் டேப்லெட் பெருமையை ஆரம்பித்தார். டாக்டர் கையமர்த்தினார். உங்களுக்கு எந்த மொழியில் வாயடிக்க வருமோ அதில் பேசுங்கள், அவள் என்ன உளறினாலும் பதில் சொல்லுங்கள், இரண்டு மொழி குழந்தைக்குப் பாரமில்லை என்றார்.

ஆட்டோவில் எனக்கு வந்த ஆத்திரத்தில், குழந்தை மடியில் இல்லாதிருந்தால் கத்தியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். எதிர் மதிலில் ஒரு குரங்கு குட்டியோடு உட்கார்ந்திருந்தது.

"அங்க பாருடி தங்கம், அம்மாக் குரங்கு குட்டிக்குப் பேன் பாக்குது!" என்றேன். எத்தனை மாதமாக அடக்கி வைத்த பேச்சு.

அவள் குரங்கைப் பார்க்கவில்லை. சோபாவில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவசரமாக என் வாயைப் பொத்தி, "நோ, அம்மா. இங்கிலீஷ்," என்று காதோடு காதாகச் சொன்னாள்.

நான் அப்பாவிடம் திட்டு வாங்கக் கூடாதாம்.