முனுசாமியின் முகத்துக்கு மாசச் சந்தா

மூடிய கண்ணைத் திறந்து, கலைந்த முடியை வாரி, சட்டைச் சுருக்கம் நீக்கி, இறந்தவர்களைச் சுவரில் மாட்டத் தயார் செய்வது என் தொழில். மயிலாப்பூரில் சின்ன ஸ்டூடியோ. மாசம் பிறந்ததும் ஏதோ ஒரு சந்தாவுக்குப் பணம் பிடித்துவிட்டதாக மெசேஜ் வந்து வயிறு எரிகிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

பத்திரமான இடம்

ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரில் பத்து வருஷம் ஓட்டினேன். கம்ப்யூட்டரை மாற்றியதும் அது திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. தேனாம்பேட்டைக் கடையில் கேட்டால், இப்போதெல்லாம் விலைக்குக் கிடையாது, மாசாமாசம் கட்ட வேண்டும் என்றார்கள். திருத்துகிற படங்களும் அந்தக் கம்பெனியிடமே இருக்குமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. டை கட்டிய விற்பனையாளர் விடவில்லை: "கவலையே படாதீங்க சார், உங்க வீட்டு பீரோவை விட அங்க பத்திரமா இருக்கும்."

பந்தியில் எடுத்த படம்

செல்வி அடையாறில் நாலு வீட்டில் சமைக்கிறவர். அரசாங்கம் ஆற்றோரத்து வீட்டை இடித்து அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பியபோது ஆல்பம் தொலைந்துவிட்டது. வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டிய கணவர் முனுசாமி திடீரென்று மாரடைப்பில் போனபோது, போனில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தி. வாய் நிறையச் சோறு, கை இலையில். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட வேறு முகம் இல்லை.

வேறு வழியில்லாமல் கட்டிய அந்தச் சந்தா சாஃப்ட்வேரில் மூன்று நாள் உட்கார்ந்தேன். "கன்னம் இவ்ளோ உப்பாது சார், புருவத்துல ஒரு வெட்டு கீது பாரு" என்று செல்வி பக்கத்திலேயே நின்றார். மெல்லுகிற வாயை மூடியதும் ஓரத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்தது. பிரிண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "உசுரோட இருக்கச்சொல்ல என்னைப் பாத்து இப்டி சிரிச்சதே இல்ல சார்."

ரோஷம்

சந்தாவை ஏற்றினார்கள். போங்கடா என்று ரத்து செய்துவிட்டு, மலிவான வேறொன்றுக்கு மாறினேன். கெடுவுக்குள் படங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. ஆடித் தள்ளுபடி மெயில்களுக்கு நடுவே நான் அதைப் பார்க்கவே இல்லை. ரத்து செய்த அன்றைக்கே என் மனைவி கேட்டாள்: "ரோஷமெல்லாம் சரி, உள்ள இருக்கற படத்தையெல்லாம் எடுத்து வெச்சீங்களா?"

வருஷத் திதி

திதிக்கு நாலு நாள் முன்னால் செல்வி வந்தார். மழையில் சுவர் ஒழுகி, ஃப்ரேமுக்குள் தண்ணீர் இறங்கி, முகம் இருந்த இடம் வெறும் வெள்ளைக் கறை. அந்தப் பழைய போனும் பஸ்ஸில் காணாமல் போயிருந்தது. "அதான் உங்கிட்ட கீதே, இன்னொண்ணு போட்டுக் குடு சார்" என்று நிம்மதியாக உட்கார்ந்தார்.

அவசரமாக மறுபடி சந்தா கட்டினேன். கணக்கு திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பிரிண்ட் போட்டாச்சு, வேலை முடிந்தது என்று நானும் தனியாக ஒரு பிரதி வைக்கவில்லை. தப்பு என்னுதுதான். மாசப் பணம் கட்டாததால் கம்பெனிக்காரன் அழித்துவிட்டான் என்று செல்வியிடம் சொன்னேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பாழான ஃப்ரேமைப் பையில் வைத்துக்கொண்டே செல்வி கேட்டார்: "அப்ப எம் புருசன் அங்கயும் வாடகைக்குத்தான் குந்திக்கினு இருந்தாரா சார்?"

அன்றிலிருந்து கைக்கு வருகிற ஒவ்வொரு முகத்துக்கும் கூடுதலாக ஒரு பிரிண்ட் போட்டு வீட்டு பீரோவில் வைக்கிறேன், அதற்கு மட்டும் இன்னும் யாரும் மாசச் சந்தா கேட்டு வரவில்லை.