சீட்டாட்டத்தில் முடிவான மொழி

அரபு நாட்டுத் துறைமுக நகரமான ஸ்ஃபாக்ஸில் இணையதளம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் தலெந்தா கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை செய்கிறாள். ஆலிவ் செக்குக்காரரோ பல் வைத்தியரோ யார் வந்தாலும், அவர்களுடைய பக்கத்தின் அச்சு அவள் கையால் ஆனது. பெயரும் விலையும் வந்து விழ இடம் விட்டு மற்றதையெல்லாம் எழுதி வைப்பாள். அந்த அச்சை எழுதக் கணினிக்கென்று ஒரு மொழி உண்டு. அதை மாற்றலாமா என்று திங்கட்கிழமை கூடிப் பேசுவதாக முதலாளி நஜீப், ஊர் மரியாதைப்படி ஸி நஜீப், சொல்லியிருந்தார். வார விடுமுறை முழுவதும் அவள் ஒரே பக்கத்தைப் பழைய மொழியிலும் புதியதிலும் எழுதிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை பேச்சே இல்லை. எல்லாக் கணினியிலும் புதியது ஏறியிருந்தது.

"எப்ப முடிவாச்சு?"

"நேத்து சாயங்காலம், காப்பிக்கடையில. சீட்டாட்டத்துக்கு நடுவுல," என்றான் நிரல் எழுதும் வஜ்தி. "சுருக்கமான மொழி. பாதி எழுத்து மிச்சம்."

"வரிக்கு முன்னால இடது பக்கம் விடுற வெற்றிடத்த வச்சுதான் அது புரிஞ்சுக்குது. அரபி வலமிருந்து இடமா போற எழுத்து, அதுல எழுதினா வரி வலது பக்கம் ஓடிடுது. வெற்றிடம் கண்ணுக்கே தெரியல."

"பழகிடும் லெல்லா," என்று மரியாதையாகவே அழைத்தான் வஜ்தி. "நீங்கதானே எழுதப்போறீங்க, நாங்களா?"

அந்தக் கடையில் பெண்கள் உட்காருவதில்லை. கதவில் யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அவள் தினமும் எழுத வேண்டியதை, அதில் ஓர் அரபி வரிகூட எழுதாதவர்கள், அவள் வர முடியாத இடத்தில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். வஞ்சகம் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

அன்று சாயங்காலம் நேராகக் கடைக்குள் போய் ஒரு நாற்காலியை இழுத்து, ஸி நஜீபும் வஜ்தியும் சீட்டாடிக்கொண்டிருந்த மேஜையில் உட்கார்ந்தாள்.

"இங்க எதுக்கும்மா?" ஸி நஜீப் பதறினார். "நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாமே."

"ஆபீஸ்ல நீங்க எங்க பேசுறீங்க? இங்கதானே பேசுறீங்க."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். "நஜீப், கையில இருக்குற சீட்ட மறைச்சுக்கோ!"

தலெந்தா நாற்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள். "புதுசே இருக்கட்டும். ஆனா அரபிப் பக்கமெல்லாம் இனிமே வஜ்தி எழுதட்டும்."

"நானா?" வஜ்தியின் சீட்டுகள் மேஜையில் சரிந்தன. "அய்யோ, பழசே இருக்கட்டும் ஸி நஜீப்!"

ஸி நஜீப் தலையாட்டினார். பழையதே நிலைத்தது.

அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் சீட்டாடத் துறைமுகத்துப் பக்கம் வேறு கடைக்குப் போகிறார்களாம். அந்தக் கடைக்கும் தலெந்தாவுக்கு வழி தெரியும்.