அத்தை வார்த்த முகம்

எங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அப்பா சவரம் செய்துகொள்ள வசதியாக அதைச் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். நான் எட்டிப் பார்த்தால் நெற்றியும் உச்சி வகிடும்தான் தெரியும். ஆகவே என் முகம் முழுதாக எப்படி இருக்கும் என்று நான் முதன்முதலில் பார்த்தது கண்ணாடியில் அல்ல. அத்தையின் மடியில், ஈரமண்ணில்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பீங்கான் பொம்மை செய்வதுதான் அவள் வேலை. பெங்களூர் கண்டோன்மென்டில் வெள்ளைக்காரர்கள் குடியிருந்த காலத்தில் ஒரு துரைசாணி வீட்டுக்குத் துணி தைக்கப் போனவள், அந்த அம்மாள் பொழுதுபோக்காகச் செய்துவந்த பொம்மைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். சில வருடங்களில் துரைசாணிக்குப் பொழுது வேறு வழிகளில் போக ஆரம்பித்தது. பொம்மைகளை அத்தையே செய்தாள். நாடு விடுதலையானதும் துரைசாணி கப்பலேறிப் போய்விட்டாள். போகும்போது தன் பிளாஸ்டர் அச்சுகளையும், ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கண்ணாடிக் கண்களையும் அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். கண்கள் எல்லாமே நீலம்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அத்தை அங்கேதான் பகல் முழுவதும் இருப்பாள். வெள்ளை மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கெட்டிப்பால் பதத்துக்குக் கொண்டுவந்து அச்சில் ஊற்றுவாள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் ஓரங்களில் ஓடு மாதிரி படியும். மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு அச்சைத் திறந்தால் உள்ளே கூடாக ஒரு தலை இருக்கும். மூச்சுவிட்டால் நசுங்கிவிடும் போல இருக்கும்.

அதைச் சுட்டுக்கொண்டு வருவது அப்பாவின் பொறுப்பு. அப்பா வேலை பார்த்த பீங்கான் ஆலையில், மின்கம்பங்களில் கம்பியைத் தாங்கி நிற்கும் குமிழ்களைச் செய்தார்கள். சூளை மேஸ்திரி நல்ல மனிதர். குமிழ்களை அடுக்கும் மண்பெட்டிகளில் ஒரு மூலையை அத்தைக்கென்று விட்டுக்கொடுத்தார். இப்படி மின்கம்பக் குமிழ்களின் நடுவில் வெந்து பிறந்த வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு அத்தை கன்னச் சிவப்புத் தீட்டி, நீலக் கண் பொருத்தி, கவுன் தைத்துப் போட்டு, கமர்ஷியல் தெருவில் ஒரு பாய் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பலர். காபியைக் குடித்துவிட்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று எழுந்து போவார்கள். பெண்ணுக்கு நிறம் மட்டு என்பதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் வேறு யாரிடமாவது சொல்வார்கள். அது சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். நான் அத்தை ஜாடை, அத்தை நிறம். என்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அம்மா இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவாள். எனக்கோ அது பெருமையாக இருந்தது. பொம்மை செய்யத் தெரிந்த அத்தை அந்தத் தெருவில் வேறு யாருக்கு இருந்தாள்?

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒருநாள் சாப்பிடும் நேரத்தில் அத்தை அப்பாவிடம் சொன்னாள்.

"நம்ம புள்ளைங்க மாதிரி ஒரு பொம்மை பண்ணப் போறேன்டா."

"யாரு வாங்குவாங்கக்கா?"

"யாரும் பண்ணல, அதனால யாரும் வாங்கல. பண்ணி வெச்சா வாங்குவாங்க."

மறுநாள் என்னைக் கொட்டகையில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். பொரிகடலை கொடுத்தாள்; ஆனால் மெல்லக் கூடாது என்றாள். என் முகத்தைக் கண்ணால் பார்த்ததைவிட விரலால் பார்த்ததுதான் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு என் நெற்றி மேட்டையும் மூக்கையும் மோவாயையும் தடவுவாள். பிறகு மண்ணைத் தடவுவாள். பல நாட்கள் இப்படிப் போயின. ஒருநாள் திருப்பிக் காட்டினாள். மடியில் நான் இருந்தேன். சற்றே தடித்த கீழுதடும், எதையோ கேட்க வாயெடுத்த பாவனையும் அப்படியே இருந்தன. சந்தோஷத்தில் பொரிகடலையை விழுங்கிப் புரையேறியது.

அதிலிருந்து அச்சு எடுத்தாயிற்று. நிறம்தான் வசப்படவில்லை. வெள்ளை மண்ணில் செம்மண்ணைக் கலந்து ஊற்றிய முதல் தலை, சூளையில் காதிலிருந்து மோவாய்வரை பிளந்து வந்தது. அடுத்தது கரி போலக் கறுத்து, ஒரு பக்கம் சரிந்து வந்தது. ஆலையில் குமிழ்களுக்கு ஏற்றும் பழுப்புப் பொடியில் கொஞ்சம் அப்பா பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். அதைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து, அத்தை மழைக்காலம் முழுவதும் அந்தக் கொட்டகையிலேயே கிடந்தாள். உடைந்த தலைகளை என் கண்ணில் படாமல் எங்கேயோ புதைத்துவிடுவாள். என் முகம் உடைந்து கிடப்பதை நான் பார்க்கக் கூடாதாம்.

கடைசியில் ஒருநாள் அப்பா வைக்கோல் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து, அத்தையிடம் நீட்டினார். பிரித்தாள். ஒரு கீறல் இல்லை. நன்றாக ஊறிய புளியங்கொட்டையின் பளபளப்பு. அத்தை அதைத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். அம்மாகூட அடுப்படியிலிருந்து வந்து பார்த்து, "அய்யோ, இவளேதான், அண்ணி!" என்றாள். நீலக் கண் இந்த முகத்துக்குப் பொருந்தாது என்று அத்தை கண்களைக் கறுப்பில் எழுதினாள். தலைவாரும்போது உதிர்ந்த தன் முடியையே சேர்த்துவைத்து இரட்டைச் சடை பின்னிப் பொருத்தினாள். என் பழைய பாவாடையை வெட்டிப் பாவாடை தைத்தாள்.

பொம்மையோடு என்னையும் கூட்டிக்கொண்டு கமர்ஷியல் தெருவுக்குப் போனாள். கடைக்கார பாய் வயதானவர், தன்மையாகப் பேசுகிறவர். பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். எனக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார்.

"இந்த மாதிரி வேலை நான் பாத்ததே இல்லம்மா. உயிர் கீது இதுல" என்றார். பிறகு பொம்மையை மெதுவாகக் கீழே வைத்தார். "ஆனா, இந்தப் புள்ள தெருவுக்குத் தெரு சும்மா ஓடிக்கினு கீதேம்மா. காசு குடுத்து யாரு வாங்குவா?"

"வெச்சிப் பாருங்க பாய். போறப்ப வரப்ப யார் கண்ணுலயாவது படும்."

"நீங்க சொன்னா வெக்கறேன்."

கிறிஸ்மஸுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மறுபடி போனோம். வாசல் கண்ணாடிப் பெட்டியில் நான் இல்லை. உள்ளே, மேல்தட்டில், ஒரு தகர ரயிலுக்குப் பின்னால் இருந்தேன். பாய் அத்தையின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ஒரே ஒரு அம்மாதான் கேட்டாங்க. கையில ஒரு தொடப்பம் குடுத்தா எடுத்துக்கறேன்னாங்க. அவங்க புள்ளகிட்ட கீற வெள்ளப் பொம்மைக்கு வேலைக்காரியா வெச்சிக்கலாம்னு."

அத்தை பொம்மையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாய், அவள் அந்த மாதம் கொடுத்திருந்த வெள்ளைப் பொம்மை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இதையும் பாருங்கம்மா. மூக்கு எங்க, வாய் எங்கன்னு தெரியல. அந்தத் துரைசாணி அச்சு தேஞ்சிபோச்சி. இதை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? பண்டிகை வருது. இந்தப் புது மூஞ்சி எவ்ளோ அழகா கீது! இதே அச்சுல வெள்ளையா ஊத்திக் குடுங்க. எத்தினி குடுத்தாலும் நான் எடுத்துக்கறேன்."

திரும்பும்போது அத்தை பஸ் ஏறவில்லை. பொம்மையை முந்தானையில் சுற்றி அணைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். பாய் அன்றும் கொடுத்த பெப்பர்மின்டை நான் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கூடவே ஓடினேன்.

"அத்தை, என் மூஞ்சி அழகுன்னு பாய் சொன்னாரு, கேட்டியா?"

"கேட்டேன் கண்ணு."

வீட்டுக்கு வந்ததும் பொம்மையைப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். விஷயம் தெரிந்ததும் அப்பா, "மனசில்லன்னா வுட்டுடுக்கா" என்றார்.

"வுட்டுட்டு? வேற இன்னாடா தெரியும் எனக்கு?" என்றாள் அத்தை.

அடுத்த நாள் என் அச்சில் வெள்ளையை ஊற்றினாள். வேலை ஓடியது. பழுப்பில் அத்தனை மாதம் பிடிவாதம் பிடித்த என் முகம், வெள்ளையில் ஒரு பிசகும் இல்லாமல் வரிசை வரிசையாக வந்து இறங்கியது. அத்தை பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீலக் கண்களைப் பொருத்தினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகை முழுக்க நான்! வெள்ளையாக, நீலக் கண்ணோடு, பொன்னிறச் சணல்முடியோடு. தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டினேன். அத்தை அவர்களை விரட்டவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பண்டிகை வேலை மும்முரம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொம்மைகள் வைத்த வேகத்தில் விற்றுப்போயின. இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று பாய் ஆள் அனுப்பினார்.

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தபோது, காரில் வந்திருந்த ஒரு சிறுமி என்னைக் கையில் வைத்திருந்தாள். அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினேன்.

"அது நான்தான்! எங்க அத்தை பண்ணது!" என்றேன்.

அந்தச் சிறுமி பொம்மையைப் பார்த்தாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். கெட்ட பெண்ணாகத் தெரியவில்லை, யோசித்துத்தான் சொன்னாள்.

"நீ கறுப்பா இருக்கியே. இது எப்படி நீயாகும்?"

அவளுடைய அம்மா சிரித்துக்கொண்டே அவளைக் காருக்குள் ஏற்றினாள். பின்னால் அத்தை நின்றிருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும். நான் அழவில்லை. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றும் பட்டது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்திருந்தபோது கொட்டகைக்குப் போனேன். கரைத்த மண் வாளியில் மூடியிருந்தது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கையின் எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் மண் கெட்டு, சூளையில் வெடித்துவிடும் என்று அத்தை சொல்வாள். கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு முழங்கைவரை விட்டேன். சில்லென்றிருந்தது. முகம், கழுத்து, காது, கை எல்லாம் பூசிக்கொண்டேன். பொம்மை மாதிரியே வெயிலில் நின்று காயவைத்தேன். காயக் காயத் தோல் இழுத்துப் பிடித்தது. வாயைத் திறக்க முடியவில்லை.

அத்தை சமையலறை வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் போய் நின்றேன். வெகுநேரம் என்னையே பார்த்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தபோது எனக்கு உள்ளுக்குள் குதூகலம் பொங்கியது.

"அத்தை, இப்ப அது நான்தானே? இப்ப என்னயும் வாங்குவாங்க இல்ல?" என்றேன். பேசும்போது உதட்டோரத்தில் மண் வெடித்து உதிர்ந்தது.

அத்தை கத்தவில்லை, அடிக்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். காதுமடலில், மூக்கோரத்தில், புருவத்துக்குள் எங்காவது வெள்ளை தங்கியிருக்கிறதா என்று விரலால் துழாவித் துழாவித் தேடினாள். அம்மா எழுந்து வந்து, "எவ்ளோ மண்ண வீணாக்கிட்டா பாரு சனியன்!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அவள அடிக்காத" என்றாள் அத்தை. "அவ ஒண்ணும் பண்ணல."

என்னைத் துவட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். வாளியைத் தூக்கிவந்து தெருச் சாக்கடையில் கவிழ்த்தாள். பால் கொட்டின மாதிரி அது வெகுதூரம் வெள்ளையாக ஓடியது. பிறகு என் அச்சைக் கொண்டுவந்து குழாயடிக் கல்லில் போட்டு உடைத்தாள். அப்பா வந்து நின்றார். தடுக்கவில்லை.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் கை பட்டு மண் கெட்டுப்போயிற்று, அதனால்தான் கொட்டுகிறாள். சாயங்காலம் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "இனிமே மண்ணுல கையே வெக்க மாட்டேன் அத்தை. சத்தியமா. நீ மறுபடியும் பொம்மை பண்ணு" என்றேன்.

"சரி கண்ணு" என்றாள்.

அப்பா அடுத்த வாரம் கொண்டுவந்து போட்ட மண்மூட்டை, கொட்டகையிலேயே இறுகிக் கல்லாயிற்று. அடுத்த கிறிஸ்மஸுக்குப் பாய் இரண்டு முறை ஆள் அனுப்பினார். கையில் பலமில்லை என்று அத்தை சொல்லி அனுப்பிவிட்டாள். அதே கையால்தான் ஒரு கான்வென்ட்டில் பிள்ளைகளின் சீருடைகளுக்குப் பொத்தான் தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். கடைசிவரை அதைத்தான் செய்தாள். நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொட்டகையை எட்டிப் பார்ப்பேன். உள்ளே போக மாட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பேன். கொடுத்த சொல்லை நான் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தேன். சரி என்று சொன்ன அத்தை ஏன் காப்பாற்றவில்லை என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.