பூட்டைத் தொடாதவன்

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்தில் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறவர்கள் சாவியைக் கையோடு கொண்டுபோவதில்லை. மழை வந்தால் துணி எடுக்க, அடுப்பைப் பார்க்க ஒருவர் வேண்டுமே. நாகலெட்சுமியின் சாவி பக்கத்துக் காம்பரா தனுஜாவிடம்தான் இருக்கும். கைக்குழந்தைக்காரி, வீட்டோடு கிடப்பவள்.

தனுஜாவின் புருஷன் ஜீவராஜ் ஜெயிலிலிருந்து வந்த அன்றோடு அந்த வழக்கம் நின்றது. ஹட்டனில் கடைப் பூட்டை உடைத்து உள்ளே போனவன். நாகலெட்சுமியின் காம்பராவிலோ மகளின் புதுத் தையல் மெஷின் இருந்தது.

"என்னக்கா, சாவி?"

"பூட்டு மக்கர் பண்ணுது புள்ள. நாந்தான் தொறக்கணும்."

தனுஜா அப்புறம் கேட்கவில்லை.

ஜீவராஜுக்குத் தோட்டத்தில் வேலை கொடுக்கவில்லை. வாசலில் குந்தியிருப்பான், யார் வந்தாலும் சட்டென்று எழுந்து நிற்பான். அந்த மரியாதையே நாகலெட்சுமிக்கு நடிப்பாகப் பட்டது. அவன் பேசினால் சந்தேகம், பேசாவிட்டால் இன்னும் சந்தேகம்.

தனுஜா பிள்ளையோடு கிளினிக் போயிருந்த ஒரு நாள், கொழுந்து எடுக்கும் மலைக்கு அவன் ஓடிவந்தான்.

"அடியே, களவாண்டுட்டு ஓடியாரான் பாரு!" என்று கத்தினாள் பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளிய ஒருத்தி.

நாகலெட்சுமியின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. கங்காணி செல்லசாமி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"யார் வூட்லடா கைய வச்ச?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா வூட்ல... பொக வருதுங்க."

அவர்கள் இறங்கி வருவதற்குள் அடுப்புக்கு மேல் காயவைத்த விறகு எரிந்து விழுந்து, மெஷின் கருகிக் கிடந்தது.

"கதவுகிட்டதான நின்ன? ஒடச்சிருக்கலாமுல்ல, பாவி!" என்று அவன்மேல் பாய்ந்தாள் நாகலெட்சுமி.

"நா பூட்ட ஒடச்சா, தீ அணைக்கத்தான் ஒடச்சேன்னு நம்புவீங்களாக்கா?"



"லயத்துல இவன் ஒருத்தன்தான் இருந்திருக்கான். போலீசுக்குச் சொல்லிருவோமா?" என்றார் செல்லசாமி. எல்லார் கண்ணும் அவள்மேல். காலையில் அவசரத்தில் கொள்ளியை இழுத்துப் போடாமல் வந்தது அவளுக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விட்டால் யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

"வேணாங்க. அடுப்ப நாந்தான் அணைக்காம வந்துட்டேன்."

மறுநாள் புதுப் பூட்டைப் போட்டுவிட்டு, தனுஜாவின் வாசலில் நின்று சாவியை நீட்டினாள்.

"வாங்காத தனுஜா," உள்ளேயிருந்து ஜீவராஜ் சொன்னான். "நாளைக்கு ஒரு ஊசி காணாமப் போனாலும் எங்கிட்டதான் வருவாங்க."

தனுஜா கையை இழுத்துக்கொண்டாள்.

நாகலெட்சுமி இரண்டாம் முறை நீட்டவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறினாள்.