சைகை அக்கா சொன்னதும் சொல்லாததும்

கண்ணாடி வளையல்களை முதலில் கழற்றுவார். பிறகு மோதிரம், அதன் பிறகு கைக்கடிகாரம். எல்லாவற்றையும் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் போட்டு மூடி, கைப்பையின் அடியில் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் நன்றாக உதறிக்கொள்வார். அரங்கத்தில் மைக் போடுகிறவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்க, மேடை ஓரத்தில் இவருடைய சோதனை இப்படி நடக்கும். விரல்களை மடக்கி நீட்டி, மணிக்கட்டைச் சுழற்றி, கடைசியில் முகத்தையும் நாலு விதமாகக் கோணிப் பார்த்துக்கொள்வார். சைகை மொழியில் பாதி வேலை முகத்துக்குத்தான். தெரியாதவர்கள் பார்த்தால் யாருக்கோ அழகு காட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கல்லூரியில் அவருக்குப் பெயர் சைகை அக்கா. முதல்வரிலிருந்து தோட்டக்காரர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காது கேளாத பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் வேறு. ஒரு கையால் மறு கையிலிருந்து வளையலை உருவுவதுபோல ஓர் அசைவு, அதுதான் அக்கா. அவர்கள் மத்தியில் எல்லோருக்கும் இப்படி ஒரு பட்டப்பெயர் உண்டு. உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. முதல்வர் அம்மையார் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிறவர். அவர் 'நெற்றிக்கண்ணாடி'. அக்கவுண்ட்ஸ் பேராசிரியர் கரும்பலகையிடமே பாடம் நடத்துகிறவர். அவர் 'முதுகு': கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முதுகில் இரண்டு தட்டு. மனிதருக்கு இது தெரியாது.

அக்காவின் உடுப்பு எப்போதும் பூவோ கோடோ இல்லாத கறுப்பு. கை பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக. "துக்க வீட்டுக்குப் போற மாதிரி வர்றீங்களே அக்கா" என்று ஒரு மாணவி கேட்டதற்கு, "சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பிக்கட்டும், அப்புறம் சொல்லு" என்றார். அடுக்குமொழிப் பேச்சாளர்கள் என்றாலே அவருக்கு ஆகாது. ஒரு பெரிய மனிதர் சமூக நீதியைப் பற்றி முழங்கித் தள்ளிவிட்டு இறங்கிய பிறகு, அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "அவ்வளவு நேரம் பேசினாரு. என் கைக்கு ரெண்டு வரிதான் கிடைச்சுது. மீதிக்கெல்லாம் என்னத்தக் காட்டறது? அவர் கையை ஆட்டினாரு, நானும் ஆட்டினேன்."

அவருடைய கைப்பையில் ஒரு டார்ச் விளக்கும் இருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு. கல்லூரியில் வருடா வருடம் நடக்கும் சமத்துவ வாரத்தில், போன முறை யாருக்கோ ஓர் அழகான யோசனை தோன்றியது. ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரையும் நினைத்து அரங்கத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, மேடையில் ஒரே ஒரு மெழுகுவத்தி. பின்னணியில் உருக்கமான குரலில் ஒரு கவிதை. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காது கேளாத பிள்ளைகள் மட்டும் கையசைவு தெரியாத இருட்டில் ஒருவரையொருவர் தடவித் தேடிக்கொண்டிருந்தார்கள். "எல்லாரையும் சேத்துக்கறோம் சேத்துக்கறோம்னு சொல்லிட்டு லைட்ட அணைச்சா எப்படிங்க?" என்று அக்கா மேடைக்குப் பின்னால் ஒரு பிடி பிடித்தார். ஏற்பாடு செய்த பேராசிரியைக்கு முகத்தில் ஈயாடவில்லை. நல்ல மனதோடுதான் செய்திருந்தார், பாவம். மறுநாளே டார்ச் கைப்பைக்குள் வந்துவிட்டது.

வீட்டில் அக்கா பேசத் தொடங்கினால் வீட்டுக்காரர் முதலில் டீ டம்ளரை நகர்த்தி வைப்பார். வாயோடு கையும் சேர்ந்தே போகும். அதிலே உடைந்த பாத்திரங்களுக்கு அளவில்லை. கை பேசக் கற்றது தம்பியால். தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பாவுக்கோ சட்டென்று கோபம் வரும். அப்பா "இந்த தண்டத்த வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது" என்று இரைந்தால், சிறுமியாக இருந்த அக்கா தம்பிக்கு, "அப்பாவுக்கு உன்னை நெனச்சுக் கவலையாம்" என்று கையில் சொல்வார். தம்பி ஆத்திரத்தோடு பதில் காட்டினால், "அவன் இனிமே ஒழுங்கா இருக்கானாம்பா" என்று அப்பாவிடம் சொல்வார். வீட்டில் சண்டை வராமல் காத்தது அந்தச் சின்னக் கைகள்தான். பூசி மெழுகுவது அப்படியே கையோடு ஒட்டிக்கொண்டது.

தொழில் என்று வந்த பிறகு அக்கா படித்துத் தேறிய விதிகள் வேறு. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒரு பிள்ளை கையால் பேசுவதை வாயால் சொல்லும்போது, வாயிலிருந்து வருகிற 'நான்' அந்தப் பிள்ளைதான், அக்கா அல்ல. ஒரு தடவை ஒரு பையன் மேடையில் பேசியபோது, "நான் முதல் முதலா மீசை வளர்த்தப்போ எங்கம்மா சிரிச்சாங்க" என்று அக்கா கணீரென்று மைக்கில் சொல்ல, அரங்கமே சிரித்தது. அக்கா அசரவில்லை. அடுத்த வரியையும் அதே குரலில் சொன்னார். விதி அவருக்கு அத்துப்படி. கைதான் சில சமயம் பழைய வீட்டுக்குப் போய்விடும்.

இந்த வருடச் சமத்துவ வாரத்தில் அது நடந்தது.

வணிகவியல் இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி இருக்கிறாள். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் கன்னம் குழியும். அவளுக்குப் பெயர் கன்னக்குழி. கூட்டத்துக்கு முன்னால் தாழ்வாரத்தில் அக்காவின் தோளைத் தட்டித் திருப்பி, அவள் கையால் சொன்னாள். அக்கவுண்ட்ஸில் இரண்டாம் தடவையும் போய்விட்டது. வகுப்பில் ஒன்றும் புரிவதில்லை. பெட்டி அடுக்குகிற வேலை ஒன்றை அப்பா பார்த்து வைத்திருக்கிறார். இந்த மாதத்தோடு கல்லூரிக்கு முழுக்கு. விழா என்றால் மட்டும்தான் கல்லூரி அவரைக் கூப்பிடும். வகுப்புக்குக் கூப்பிட்டதில்லை. "மேடம்கிட்ட பேசிப் பாக்கலாம்டி, அவசரப்படாத" என்று அக்கா கையால் சொல்லி வைத்தார்.

கூட்டம் முடியும் நேரத்தில் முதல்வர் அம்மையார், "யாருக்காவது ஏதாவது கேட்கணும்னா தயங்காம கேளுங்க, இது உங்க மேடை" என்றார். முன்வரிசையிலிருந்து கன்னக்குழி எழுந்தாள். கைகள் சடசடவென்று வந்தன. அவள் கேட்டது இதுதான்: "வருஷத்துல ஒரு நாள் என்னை முன்வரிசையில உக்கார வெச்சு போட்டோ எடுக்கறீங்க. மத்த நாளெல்லாம் வகுப்புல நான் ஒரு சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்த விழா எனக்கா, உங்களுக்கா?"

அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனார். எதிரே முதல்வர் நிற்கிறார், பக்கத்தில் விருந்தினர். இவளை இன்றைக்கு ஏதாவது சொல்லிவிட்டால்? நாளைக்குத் தன்னையும் கூப்பிடாமல் போனால்? வாய் தானாகவே திறந்தது.

"மேடம், விழா ரொம்ப நல்லா இருக்கு. இதே மாதிரி வகுப்புலயும் கொஞ்சம் உதவி கிடைச்சா இன்னும் நல்லா இருக்கும்."

முதல்வர் முகமெல்லாம் சிரிப்பு. "ரொம்ப நல்ல யோசனைம்மா. கண்டிப்பா பரிசீலிக்கலாம்" என்றார். அரங்கம் கைதட்டியது. முதல்வர் சொன்னதை அக்கா கைகளில் சொன்னார்.

கன்னக்குழி உட்காரவில்லை. முதல்வரின் சிரிப்பைப் பார்த்தாள், திரும்பிக் கைதட்டுகிறவர்களைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். அவள் கைகள் இப்போது மெதுவாக வந்தன.

"எல்லாரும் கை தட்டறாங்க. நான் கேட்டதுக்கு யாரும் கை தட்டியிருக்க மாட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

காது கேளாதவர்களுக்கு முகம்தான் காது. இத்தனை வருடம் கூடவே இருந்தும் அதை மறந்துபோனோமே என்று இருந்தது அக்காவுக்கு. சப்பைக்கட்டுக் கட்ட ஒரு நொடி மனம் துடித்தது. மைக் சரியில்லை என்று சொல்லலாம். நேரம் ஆகிவிட்டது என்று சொல்லலாம். சொல்லவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றார். "இந்தப் பொண்ணு கேட்டது அது இல்ல. நான் மாத்திச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. இப்ப சரியாச் சொல்றேன்." பிறகு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளுடைய வரிகளை அவளுடைய கோபத்தோடேயே, ஒரு சொல் உதிராமல் சொன்னார். போட்டோ, சுவர், எனக்கா, உங்களுக்கா, எல்லாம்.

கைதட்டல் இல்லை. முதல்வர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நெற்றிமேல் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டார். அக்காவைப் பார்த்து, "அவளுக்கு என்னதான் வேணுமாம்?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்காமல் கையை நீட்டி முன்வரிசையைக் காட்டினார். முதல்வர் புரிந்துகொண்டு திரும்பினார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அக்கவுண்ட்ஸ் பேராசிரியர் எழுந்து நின்றார்.

"மேடம், அந்தச் சுவர் நான்தான்" என்றார். சொல்லிவிட்டு அசடு வழிந்தார். "போர்டப் பாத்தே பேசிப் பழகிட்டேன். பின்னால யாருக்குக் கேக்குது, யாருக்குக் கேக்கலன்னு நான் திரும்பியே பாக்கல."

அன்றைக்கு விளக்கு அணைக்கவில்லை, கவிதையும் இல்லை. ஆனாலும் இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாலையில் அக்கா, அச்சகத்தில் வேலை முடிந்து வந்த தம்பியிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "எனக்கும் இதத்தானே பண்ணின? அப்பா என்னைத் திட்டவே மாட்டாருன்னு நெனச்சுட்டிருந்தேன். பெரியவனான பிறகுதான் அவர் முகத்தப் படிச்சேன்" என்று கையால் சொன்னான். சிரிப்பு நின்றதும், "நீ சொன்னதுதான் எனக்குப் பிடிச்சிருந்துது. ஆனா என்னைத் திட்டினது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றான். அக்கா அழுதார். டீ டம்ளரை நகர்த்திவைத்துவிட்டு வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கல்லூரி எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிவிடவில்லை. வகுப்புக்குத் தினமும் அக்கா வேண்டும் என்று கன்னக்குழி கேட்டிருந்தாள்; வாரத்தில் மூன்று நாள் வரலாம் என்று ஆணை வந்தது. மீதி இரண்டு நாளைப் பற்றிக் கமிட்டி கூடிப் பேசுமாம். "கூடட்டும், கூடட்டும். நாங்களும் போய் உக்காந்து கேக்கறோம்" என்கிறார் அக்கா. கன்னக்குழி பெட்டி அடுக்கப் போகவில்லை. பரீட்சை வரைக்கும் பார்க்கலாம் என்று அப்பாவிடம் தவணை வாங்கியிருக்கிறாள்.

முதல் நாள் வகுப்பு. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்கா வளையல், மோதிரம், கடிகாரம் என்று வரிசையாகக் கழற்றிக் கூட்டுக்குள் போட்டார். பேராசிரியர் வந்தார். பழக்க தோஷம், சாக்பீஸை எடுத்ததும் பலகைப் பக்கம் திரும்பி, "போன வகுப்புல" என்று தொடங்கினார். பாதியில் நினைவு வந்து, திருடன் பிடிபட்டதுபோல இந்தப் பக்கம் திரும்பினார். கன்னக்குழிக்கு அடக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த தோழியிடம் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்ன சொல்றாங்க?" என்று பேராசிரியர் அக்காவைக் கேட்டார்.

ஒன்றுமில்லை சார் என்பது நாக்கு நுனி வரை வந்தது. அக்கா அதை விழுங்கினார்.

"உங்களுக்கு வெச்சிருக்கற பட்டப்பேரு சார். முதுகுன்னு அர்த்தம்."

பேராசிரியர் அக்காவை விட்டுவிட்டு நேரே கன்னக்குழியைப் பார்த்து, சாக்பீஸ் பிடித்த கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய், இதுவா என்பதுபோல முதுகில் தட்டிக் காட்டினார். சட்டையில் வெள்ளையாகத் தடம் விழுந்தது. அவள் கன்னம் குழிய, தலையை ஆட்டி மறுத்து, கையை இன்னும் கொஞ்சம் கீழே தட்ட வேண்டும் என்று செய்து காட்டினாள். அவர் மறுபடி தட்டினார். அவள் மறுபடி திருத்தினாள்.

அக்கா இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.